நாள்பட்ட வியாதியும் அவசர காலத் தீர்ப்பும்

2020-ஆம் ஆண்டு மார்ச் 24-ஆம் தேதி இரவு எட்டு மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் தோன்றி ஊரடங்கை அறிவிப்பதற்கு முன்பாகவே, அன்று காலை முதற்கொண்டே, டில்லி அன்சாரி நகரிலுள்ள எய்ம்ஸ் மருத்துவமனையின் ஓ.பி.டி. மூடப்பட்டுவிட்டது. நாளொன்றுக்குப் பத்தாயிரம் பேருக்கு மேல் வந்து போகும் அந்தப் புறநோயாளிப் பிரிவை அறியாத டில்லிவாசி இல்லை. பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்தின் கிழக்கு மாவட்டங்களிலிருந்தும் ரயிலேறி வந்து, எய்ம்ஸுக்கும் சப்தர்ஜங் ஆஸ்பத்திரிக்கும் நடுவிலுள்ள நடைபாதையிலும் மெட்ரோ நிலையத்து வாசலிலும் போர்வை விரித்துப் படுத்து, அடுத்த தேதி குறித்துக் கொடுத்த சீட்டைப் பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரப்படுத்தி வைத்திருக்கும் ஜனங்களை, அவ்வழியே பஸ்ஸில் போகும் எவரும் பார்த்திருப்பார்கள். புற்றுக்கு அடுத்த கீமோ, இருதய வால்வுக்கு ஆபரேஷன் தேதி, குழந்தையின் ரத்தத்துக்கு மறுபரிசோதனை என்று அந்தச் சீட்டுகள் ஒவ்வொன்றின் பின்னாலும் விற்ற நிலமோ அடகு வைத்த நகையோ இருக்கும். அவையெல்லாம் ஒரே சுற்றறிக்கையில் மதிப்பிழந்தன. ரயில்களும் நின்றுவிட்டபடியால், சிகிச்சையும் இல்லாமல் ஊருக்குத் திரும்பவும் வகையில்லாமல் பலர் அந்த நடைபாதையிலேயே வாரக்கணக்கில் தங்கிப்போனார்கள்.

அந்த முடிவை எடுத்தவர்களைத் தூஷிப்பதற்காக இதை எழுதவில்லை. பத்தாயிரம் பேர் தோளோடு தோள் உரசி நிற்கும் கூடத்தில் ஒரு புதிய தொற்று புகுந்தால், அதற்கு முதலில் இரையாகக்கூடியவர்கள் இந்த நோயாளிகளே என்பதும், மருத்துவர்களையும் தாதியரையும் கட்டில்களையும் வரப்போகும் வெள்ளத்துக்காக ஒதுக்கி வைக்க வேண்டியிருந்தது என்பதும் மறுக்கத்தக்க காரணங்களல்ல. அவசர சிகிச்சைப் பிரிவு திறந்தே இருந்தது, தள்ளிப்போடக்கூடியவை தள்ளிப்போடப்பட்டன. கேள்வி எழுவது அந்த இடத்தில்தான். எது தள்ளிப்போடக்கூடியது, எது கூடாது என்பதை எவர் தீர்மானிக்கிறார், எந்த அளவுகோலால் தீர்மானிக்கிறார்? நாள்பட்ட வியாதி என்று நாம் வகைப்படுத்தி வைத்திருப்பவற்றுள் பல, சிகிச்சை தவறாமல் கிடைக்கும்வரை மாத்திரமே நாள்பட்டவை. சிகிச்சை நின்ற மறுகணமே அவற்றின் அவசரம் வெளிப்பட்டுவிடுகிறது.

என் அக்காவின் வியாதி அப்படிப்பட்டது. இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்து, பல வருஷங்களாக டயாலிசிஸ் இயந்திரத்தின் துணையால் ஜீவித்து வருகிறாள். சிறுநீரகம் வேலை செய்யாதவரின் உடம்பில் அன்றாடம் உண்ணும் உணவிலிருந்தே பொட்டாசியம் சேர்ந்துகொண்டே போகும்; அது ஓர் அளவைத் தாண்டினால் இருதயத்தின் தாளம் குலைந்து, முன்னறிவிப்பே இல்லாமல் நின்றுவிடக்கூடும். குடித்த நீர் வெளியேற வழியின்றி நுரையீரலில் தேங்கி மூச்சை அடைக்கும். நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு பிணைக்கப்பட்டு ரத்தம் சுத்தமாகிவிட்டால் வீட்டுக்கு வந்து காய்கறி நறுக்கவும், பேரனோடு சண்டை போடவும் முடிகிறது. இரண்டு முறை தவறிப்போனாலோ, ஆம்புலன்ஸில் போக வேண்டியவளாகிவிடுகிறாள். அந்த மார்ச் மாதக் கடைசியில் உறவினர்கள் ஒவ்வொருவராகப் போன் செய்து எச்சரிக்கை சொல்லிக்கொண்டிருக்க, அடுத்த டயாலிசிஸுக்கு வெள்ளிக்கிழமை போக வேண்டியிருந்த அவள் என்னிடம் சொன்னாள்: "எனக்குக் கொரோனா வந்தா என்ன ஆகும்னு எல்லாரும் கேக்கறீங்க. வராமலே இருந்தா வெள்ளிக்கிழமை என்ன ஆகும்னு ஒருத்தரும் கேக்கலையே." இந்த விஷயத்தைப் பற்றி நான் படித்த அறிக்கைகள் எதிலும் இதைவிடத் தெளிவான வாக்கியம் ஒன்றைக் கண்டதில்லை.

அவள் வீடு நொய்டாவில். அவள் போகும் டயாலிசிஸ் மையம் டில்லியில். சாதாரண காலத்தில் சில்லா எல்லை என்பது ஆட்டோக்காரர் கூடுதல் கட்டணம் கேட்பதற்கான ஒரு சாக்கு மட்டுமே. ஏப்ரல் மாதத்தில் நொய்டா நிர்வாகம் எல்லையை மூடியபோது, பாஸ் உள்ளவர்கள், ஆம்புலன்ஸ், மருத்துவப் பணியாளர் என்று விதிவிலக்குகள் இருக்கத்தான் செய்தன. ஆயினும் வாரந்தோறும் தவறாமல் இரண்டு முறை எல்லையைக் கடந்தே தீரவேண்டிய ஒரு பெண்மணியை அந்த விதிவிலக்குகளில் எதில் சேர்ப்பது என்று தடுப்பில் நின்ற காவலருக்கு எவரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. அவர் அவளுடைய கையில் டயாலிசிஸ் ஊசி ஏற்றுவதற்காக ரத்த நாளங்களை இணைத்து அமைத்த ஃபிஸ்டுலாவைப் பார்த்து, புடைத்த அந்த நாளத்தில் ரத்தம் அதிரும் அதிர்வைத் தொட்டும் பார்த்துவிட்டு, போகச் சொல்லிக் கையசைத்தார். அந்த மனிதரின் கருணைக்கு நான் கடமைப்பட்டவன். ஆனால் ஓர் உயிரின் பாதுகாப்பு ஒரு காவலரின் அன்றைய மனநிலையைப் பொறுத்து அமைவது எவ்வகையிலும் நியாயமான ஏற்பாடாகாது. மையத்துக்குள் நுழைந்தபின் வேறு சங்கடம்: கொரோனா சோதனை முடிவு இல்லாமல் இயந்திரத்தில் போடமாட்டோம் என்றார்கள், சோதனை முடிவு வருவதற்கோ, பொட்டாசியம் காத்திருக்கச் சம்மதிப்பதைவிட அதிக நேரம் பிடித்தது.

எங்கள் குடும்பத்துக்கு மட்டும் நேர்ந்ததன்று இது. நாடெங்கிலும் 19 பெரிய மருத்துவமனைகளில் டயாலிசிஸ் செய்துகொண்டிருந்த 2,517 நோயாளிகளைப் பற்றி லக்னோவைச் சேர்ந்த சிறுநீரக மருத்துவர் ஒருவரின் தலைமையில் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஊரடங்கின் முதல் வாரங்களில் அவர்களுள் நூற்றுக்கு 28 பேர் ஒரு முறையேனும் சிகிச்சையைத் தவறவிட்டார்கள், நூற்றுக்கு 4 பேர் திரும்பி வரவே இல்லை. வராதவர்கள் என்ன ஆனார்கள் என்பதைக் கொரோனா மரணக் கணக்கு சொல்லாது. காசநோயிலும் அதே கதைதான்: 2019-இல் நாட்டில் பதிவான காசநோயாளிகள் ஏறத்தாழ 24 லட்சம் பேர், 2020-இல் 18 லட்சம். வியாதி குறைந்ததால் வந்த இறக்கமன்று அது. கண்டுபிடிக்கப்படாமல் இருமிக்கொண்டே வீட்டில் இருந்தவர்களின் தொகை.

2020 ஜூன் மாதத்தில் இன்னொரு வகை எடைபோடுதலையும் டில்லி கண்டது. 7-ஆம் தேதி மாநில அமைச்சரவை, டில்லி அரசின் மருத்துவமனைகளும், விசேஷ சிகிச்சை தரும் சில நீங்கலாகத் தனியார் மருத்துவமனைகளும் டில்லிவாசிகளுக்கே என்று தீர்மானித்தது. மறுநாளே துணைநிலை ஆளுநர் அதை ரத்து செய்தார். ரத்தானது நல்லதே. ரேஷன் கார்டில் எந்த ஊர் எழுதியிருக்கிறது என்பதற்கும் மூச்சுத் திணறலுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை.

பிறகு 2021 ஏப்ரல். அதைப் பற்றி எழுத இன்றும் எனக்குத் தயக்கமாகவே இருக்கிறது. ஏப்ரல் 20-ஆம் தேதி ஒரே நாளில் டில்லியில் 28,395 பேருக்குத் தொற்று உறுதியாயிற்று. பரிசோதித்த மூவரில் ஏறத்தாழ ஒருவர். 23-ஆம் தேதி காலை, முந்தைய 24 மணி நேரத்தில் மிகவும் மோசமான நிலையிலிருந்த 25 பேர் இறந்ததாக சர் கங்காராம் மருத்துவமனை அறிவித்தது. அன்றிரவு ஜெய்ப்பூர் கோல்டன் மருத்துவமனையில் ஆக்ஸிஜன் அழுத்தம் குறைந்த வேளையில் 20 பேர் மாண்டனர். மே 1-ஆம் தேதி பத்ரா மருத்துவமனையில் 12 பேர், அவர்களுள் அந்த மருத்துவமனையிலேயே பணியாற்றிய மூத்த மருத்துவர் ஒருவர். நாளொன்றுக்கு 700 டன் ஆக்ஸிஜன் தேவை என்று மாநிலம் கேட்க, ஒதுக்கீடு 490 டன் என்று மத்திய அரசு சொல்ல, அந்த ஒதுக்கீடும் ஒடிசாவிலும் வங்காளத்திலும் உள்ள தொலைதூர ஆலைகளிலிருந்து லாரியிலும் ரயிலிலும் வந்து சேரவேண்டியிருந்தது. உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் விபின் சாங்கியும் ரேகா பல்லியும் இரவு பகலாக விசாரித்தது எந்தச் சட்ட நுணுக்கத்தையும் பற்றியன்று; எந்த டாங்கர் இப்போது எந்தச் சாலையில் நிற்கிறது என்பதைப் பற்றி.

இத்தகைய நாட்களில் மருத்துவமனை வாசலில் நின்ற இளம் டாக்டர்களைப் பற்றி நான் அடிக்கடி நினைக்கிறேன். உள்ளே ஒரு கட்டில் காலியாகிறது. வெளியே ஆம்புலன்ஸிலும் ஆட்டோவிலும் மகனின் மடியிலுமாகப் பத்துப் பேர். வாசலில் நிற்கும் டாக்டருக்கு எழுத்து மூலமாக எந்த விதியும் தரப்படவில்லை. முப்பத்தாறு மணி நேரமாகத் தூங்காத ஒருவர், இரண்டு நிமிஷ அவகாசத்தில், மேலிருந்து வரும் தொலைபேசிச் சிபாரிசுகளுக்கு நடுவில், எவர் உள்ளே வரலாம் என்று தாமே முடிவு செய்து, அந்த முடிவின் பாரத்தை ஆயுள் முழுவதும் தாமே சுமக்க வேண்டும். அப்படிப்பட்ட நிர்ப்பந்தத்தில் மனித மனம் சுலபமான அடையாளங்களைத் தேடும். வயதைக் கேட்கும், "வேறு என்ன வியாதி இருக்கிறது?" என்று கேட்கும். டயாலிசிஸ், புற்றுநோய், பக்கவாதம் என்ற பதில் வந்ததுமே, கேட்டவரின் முகத்தில் ஒரு தீர்மானம் வந்து உட்கார்ந்துவிடும். ஊரடங்கில் உங்கள் வியாதி அவசரமானதன்று என்று ஒதுக்கப்பட்டவர், வெள்ளம் வந்தபோது உங்களுக்கு ஏற்கெனவே வியாதி இருக்கிறது என்று மறுபடியும் ஒதுக்கப்பட்டார்.

வந்தவர்களை வந்த வரிசையில் சேர்த்துக்கொள்வதே நடுநிலை என்று வாதிப்பவர்கள் உண்டு. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றினாலும் அது நியாயமன்று. முதலில் வந்து சேர்பவர் கார் வைத்திருப்பவர்; எந்த ஆஸ்பத்திரியில் கட்டில் இருக்கிறது என்று செல்பேசியில் பார்க்கத் தெரிந்தவர்; எம்.பி.யின் அந்தரங்கச் செயலாளரை அறிந்தவர். எளியோர் வாழும் சங்கம் விஹாரின் சந்துகளிலிருந்து மூன்று சக்கர வண்டியில் தகப்பனாரை ஏற்றிக்கொண்டு வருபவர் எப்போதும் வரிசையின் வாலில்தான் நிற்பார்.

அப்படியானால் எதை எடைபோடலாம்? இத்தாலியில் 2020 மார்ச்சில், தீவிர சிகிச்சை மருத்துவர்களின் சங்கம், தேவைப்பட்டால் வயது வரம்பு விதிக்கலாம் என்றும் மற்ற வியாதிகளையும் கணக்கில் கொள்ளலாம் என்றும் வெளிப்படையாக எழுதி வைத்தது. பிரிட்டனில் மருத்துவ நெறிமுறைகளை வகுக்கும் நைஸ் அமைப்பு அதே மாதம் 20-ஆம் தேதி வெளியிட்ட வழிகாட்டியில், பிறர் துணையின்றி எவ்வளவு நடமாடுகிறார் என்பதைக் கொண்டு தளர்ச்சியை அளக்கும் ஓர் அளவுகோலை முன்வைத்தது. ஆட்டிஸம் உள்ள இளைஞனும் பிறவியிலேயே ஊனமுள்ள பெண்ணும் தொண்ணூறு வயதுக் கிழவரும் ஒரே தட்டில் வைக்கப்படுவதாக மாற்றுத்திறனாளிகளின் அமைப்புகள் எதிர்க்குரல் எழுப்பவே, ஐந்தே நாளில் அது திருத்தப்பட்டது. அந்தத் திருத்தம் நடந்ததற்கு ஒரே காரணம், விதி எழுதப்பட்டுப் பகிரங்கமாக இருந்தது. எழுதப்படாத விதியை எவராலும் எதிர்க்க முடியாது.

நம் டில்லியில் இந்த விவாதம் பகிரங்கமாக நடந்தது கருப்புப் பூஞ்சை வியாதியின்போதுதான். சர்க்கரை நோய் கட்டுக்கடங்காதவர்களையும், கொரோனாவுக்காக ஸ்டீராய்டு அதிகம் கொடுக்கப்பட்டவர்களையும் தேடித் தாக்கி, மூக்கிலிருந்து கண்ணுக்கும் கண்ணிலிருந்து மூளைக்கும் பரவிய அந்தப் பூஞ்சைக்கு மருந்தான ஆம்ஃபோடெரிசின்-பி எங்கும் போதிய அளவு கிடைக்கவில்லை. 2021 ஜூன் 1-ஆம் தேதி உயர் நீதிமன்றம், மருந்து எல்லோருக்கும் போதாதபோது எவருக்கு முதலில் என்பதற்கு மத்திய அரசு கொள்கை வகுக்க வேண்டும் என்றும், பிழைக்கும் வாய்ப்பு அதிகமுள்ளோருக்கும் இளைய தலைமுறையினருக்கும் முன்னுரிமை தருவதைக் கருத வேண்டும் என்றும், மிகுந்த மன வேதனையோடு சொல்லிற்று. இந்தக் கேள்வியை இருட்டிலிருந்து வெளிச்சத்துக்குக் கொண்டுவந்ததற்காக அந்த நீதிமன்றத்தை நான் மதிக்கிறேன். பிழைக்கும் வாய்ப்பு என்ற அளவுகோலையும் ஒப்புக்கொள்கிறேன்: இந்த மருந்தைக் கொடுத்தால் இந்த வியாதியிலிருந்து இவர் மீள்வாரா என்று டாக்டர் கேட்பது அவருடைய தொழில் தர்மம். ஆனால் மீண்டபிறகு எத்தனை வருஷம் வாழ்வார், அந்த வாழ்வு வாழத்தக்கதாக இருக்குமா, அவரால் பிறருக்கு என்ன பிரயோஜனம் என்ற கேள்விகள் அடுத்த அடியிலேயே காத்திருக்கின்றன. அவற்றைக் கேட்கும் அதிகாரம் எந்த டாக்டருக்கும் இல்லை, எந்த அரசுக்கும் இல்லை என்பது என் திடமான அபிப்பிராயம். என் அக்கா கொரோனாவிலிருந்து மீளும் வாய்ப்பைச் சிறுநீரக வியாதி எவ்வளவு குறைக்கிறது என்று கணக்கிடுங்கள்; அது உங்கள் சாஸ்திரம். டயாலிசிஸில் காலந்தள்ளும் வாழ்வு எவ்வளவு பெறும் என்று கணக்கிடாதீர்கள். அந்தக் கணக்கு அவள் ஒருத்திக்கே உரியது.

டயாலிசிஸின் சரித்திரமே இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது என்பதைப் பிற்பாடு படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. 1960-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஸ்க்ரிப்னர் என்ற மருத்துவர், கையிலுள்ள ரத்த நாளங்களை ஒரு டெஃப்லான் குழாயால் இணைத்து, ஒரே நோயாளிக்குத் திரும்பத் திரும்ப டயாலிசிஸ் செய்யும் வழியைக் கண்டார். அதுவரை சில நாட்களுக்கு மட்டும் பயன்பட்ட இயந்திரம், வருஷக்கணக்கில் உயிர் காக்கும் சாதனமாயிற்று. 1962 ஜனவரியில் அங்கே ஒரு சிகிச்சை நிலையம் திறக்கப்பட்டபோது, இயந்திரங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை, வேண்டியவர்களோ எண்ணற்றவர்கள். குழந்தைகளையும் நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களையும் மருத்துவர்கள் முன்னதாகவே விலக்கிவிட, மிஞ்சியவர்களில் எவர் வாழ்வது என்று தீர்மானிக்க ஏழு பேர் கொண்ட ஒரு குழு அமைந்தது. ஒரு வழக்கறிஞர், ஒரு பாதிரியார், ஒரு வங்கியாளர், ஓர் இல்லத்தரசி, ஓர் அரசு அதிகாரி, ஒரு தொழிலாளர் தலைவர், ஓர் அறுவை மருத்துவர். நல்லவர்கள்தாம். ஆனால் அவர்கள் எடைபோட்டவை எவை? கல்யாணமானவரா, எத்தனை குழந்தைகள், என்ன சம்பாத்தியம், என்ன படிப்பு, மாதாகோவிலுக்கு ஒழுங்காகப் போகிறாரா. அதே ஆண்டு நவம்பரில் லைஃப் பத்திரிகையில் ஷானா அலெக்ஸாண்டர் இதை விரிவாக எழுதியபோது தேசமே திடுக்கிட்டது. அந்தக் குழுவை இன்னும் உத்தமமான ஏழு பேரைக் கொண்டு மாற்றியமைப்பது தீர்வாகவில்லை. 1972-இல் சிறுநீரகம் செயலிழந்த ஏறத்தாழ எல்லோருக்கும் அரசே செலவை ஏற்கும் என்று சட்டம் வந்தபோதுதான், தேர்ந்தெடுக்க வேண்டிய அவசியமே அங்கே ஒழிந்தது. நம் நாட்டில் தேசிய டயாலிசிஸ் திட்டம் 2016-இல் வந்தது. மாவட்ட மருத்துவமனைகளில் இயந்திரங்கள் வைக்கப்பட்டு, ஏழைகளுக்கு இலவச சிகிச்சை தரப்படுகிறது. அது இல்லாதிருந்தால் 2020-இல் இறந்தவர்களின் தொகை எவ்வளவு பெருகியிருக்கும் என்று நினைக்கவே அச்சமாக இருக்கிறது.

ஆகவே, வாசலில் நிற்கும் டாக்டரின் தீர்ப்பைப் பற்றிப் பேசுமுன், அந்தத் தீர்ப்பை அவசியமாக்கிய முந்தைய முடிவுகளைப் பற்றிப் பேச வேண்டும். காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்தெடுக்கும் ஆலைகளை மருத்துவமனைகளிலேயே நிறுவ, 162 ஆலைகளுக்கு 2021 ஜனவரியில் நிதி ஒதுக்கப்பட்டது. ஏப்ரல் மத்தியில் நிறுவப்பட்டிருந்தவை 33. டில்லிக்கு உரியவை எட்டு; நிறுவப்பட்டிருந்தது ஒன்று. மத்திய அரசும் மாநில அரசும் இதற்கு ஒருவரையொருவர் காரணம் காட்டின. அந்த மூன்று மாதங்களில் எவரும் அவசரப்படவில்லை. அவசரத்தையெல்லாம் ஏப்ரல் மாதத்து நோயாளியின் தலையில் இறக்கி வைத்தார்கள்.

நல்ல முடிவு ஒன்றையும் சொல்ல வேண்டும். 2021 மார்ச் 1-ஆம் தேதி, அறுபது வயதைக் கடந்தோருக்கும், நாற்பத்தைந்துக்கு மேற்பட்டு இணைநோய் உள்ளோருக்கும் தடுப்பூசி தொடங்கியபோது, எவை இணைநோய் என்று 20 வியாதிகளைக் கொண்ட பட்டியல் ஒன்று வெளியிடப்பட்டது. பத்து வருஷத்துக்கு மேற்பட்ட சர்க்கரையோடு ரத்த அழுத்தமும் உள்ளவர், டயாலிசிஸில் இருப்பவர், மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர், தாலஸீமியா உள்ளவர், புற்றுக்குச் சிகிச்சை பெறுபவர் என்று தெளிவாக எழுதி, பதிவு பெற்ற மருத்துவர் ஒருவரின் ஒரு பக்கச் சான்றிதழ் போதும் என்று வைத்தார்கள். ஊசி போட வரிசை வகுத்த அந்த நாளில், நீடித்த வியாதி ஒருவரை முன்னால் கொண்டுவந்து நிறுத்தியது. அந்தச் சான்றிதழால் அக்காவுக்கு முதல் வாரத்திலேயே ஊசி கிடைத்தது. ஆனால் அவளுக்கு அடுத்த இயந்திரத்தில் படுத்திருந்த இருபத்தாறு வயதுப் பையனுக்குக் கிடைக்கவில்லை. அதே வியாதி, அதே கூடம், அதே தாதியர். வயது நாற்பத்தைந்து ஆகாத குற்றத்துக்காக அவன் மே மாதம்வரை காத்திருக்க நேர்ந்தது. நடுவில் வந்ததோ டில்லியின் மிகக் கொடிய ஏப்ரல். நாடெங்கும் டயாலிசிஸில் இருக்கும் இளைஞர்களையெல்லாம் சேர்த்தாலும் அந்த முதல் மாதத்து ஊசிகளில் ஒரு சிறு பகுதிதான் செலவாகியிருக்கும். இந்த முடிவுக்கு நியாயம் எதையும் என்னால் இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை.

ஒரு முடிவை மட்டும் அக்கா பிறர் கையில் விடவில்லை. ஏப்ரல் மாதக் கடைசியில் ஒரு நாள், தனக்குத் தொற்று வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று என்னை உட்காரவைத்துச் சொல்லி எழுதச் சொன்னாள். ஆக்ஸிஜன் வரை எல்லாம் செய்யலாம். வென்டிலேட்டர் போட வேண்டி வந்தால், மீளும் நம்பிக்கை இருப்பதாக டாக்டர் சொன்னால் போடலாம். நம்பிக்கையற்றபின் நாட்களை நீட்டிக்க வேண்டாம். எங்கே சேர்த்தாலும் டயாலிசிஸ் உள்ள இடமாகப் பார்க்க வேண்டும். "இதை நான் சொன்னதா எழுது. நீங்களா முடிவு பண்ணினதா இருக்கக் கூடாது" என்றாள். உறவினர் எவரையும் உள்ளே விடாத அந்த நாட்களில், நோயாளியின் சித்தம் இன்னதென்று தெரியாமல் செல்பேசியில் ஆம் அல்லது இல்லை என்று சொல்ல நேர்ந்த பிள்ளைகள் பலரை நான் அறிவேன். அவர்களுள் சிலருக்கு அந்தப் பதிலின் உறுத்தல் இன்னும் தீரவில்லை.

இப்படி முன்கூட்டியே எழுதி வைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9-ஆம் தேதி, காமன் காஸ் வழக்கில் அங்கீகரித்திருந்தது. ஆனால் முதல் வகுப்பு மாஜிஸ்திரேட்டின் கையெழுத்து வேண்டும் என்ற நிபந்தனையால், கோர்ட்டுகளே கணினித் திரைக்குள் புகுந்துவிட்ட தொற்றுக் காலத்தில் அந்த உரிமை ஏறத்தாழ எவருக்கும் பயன்படவில்லை. 2023 ஜனவரி 24-ஆம் தேதி அரசியல் சாசன அமர்வு அந்த நிபந்தனையைத் தளர்த்தி, நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு கையெழுத்திட்டால் போதும் என்றது. அக்கா தன் பழைய காகிதத்தை மறுபடி எழுதி, ஒரு நோட்டரியிடம் பதிவு செய்து, ஒரு நகலை டயாலிசிஸ் மையத்திலும் ஒன்றை என்னிடமும் கொடுத்திருக்கிறாள். இம்முறை ஒரு வரியை மாத்திரம் புதிதாகச் சேர்த்திருக்கிறாள்: கட்டில் ஒன்றே இருந்து, வேண்டுபவர்கள் பலராக இருந்தால், தன் பெயரையும் சீட்டில் எழுதிக் குலுக்கிப் போட வேண்டும், சிறுநீரகத்தின் பெயரால் அதை எவரும் முன்கூட்டியே எடுத்துவிடக் கூடாது. நோட்டரி அதைப் படித்துவிட்டு, சட்டத்தில் இதற்கு இடமிருக்கிறதா தெரியவில்லை என்றார். இருக்கட்டும், முத்திரையைப் போடுங்கள் என்றாள்.